தரையில இருந்து 100 கிலோ: டெட்லிஃப்ட் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

டெட்லிஃப்ட்னா தரையில கிடக்குற ராடை ரெண்டு கையால பிடிச்சு நிமிந்து நிக்கிறது, அவ்ளோதான். பவர்லிஃப்டிங் போட்டியில ஸ்குவாட் (ராடை தோள்ல வெச்சு உக்காந்து எழும்புறது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து ராடை மேல தள்ளுறது) முடிஞ்சு கடைசியா வர்ற லிஃப்ட் இது. பாக்க ரொம்ப சிம்பிளா இருக்கும், அதனாலேயே நிறைய பேர் கத்துக்காமலேயே தூக்க ஆரம்பிச்சிடுறாங்க, அப்புறம் எங்கயாவது புடிச்சிக்கிச்சுன்னா டெட்லிஃப்ட் பண்ணா முதுகு போயிடும்னு பாக்குறவங்க கிட்டயெல்லாம் சொல்றாங்க.

எனக்கும் அப்படித்தான் ஆச்சு. பெரம்பூர்ல வீட்டுக்கு பக்கத்துல ஒரு ஜிம், பேரு வேணாம், சேந்து மூணாவது வாரமே 60 கிலோ மாட்டிக்குடுத்து "தூக்கு தூக்கு, விடாத"ன்னு பக்கத்துல நின்னு கத்தினாங்க. முதுகு வளையுதுன்னு எனக்கே தெரிஞ்சது, ஆனா சுத்தி எல்லாரும் பாக்குறாங்களேன்னு விடல. நாலாவது ரெப்ல, அதாவது நாலாவது தடவ தூக்கும்போது, இடுப்புக்கு மேல சுளீர்னு புடிச்சது. மூணு வாரம் குனிய முடியல. அது மார்கழி மாசம், எங்க வீட்டு வாசல்ல கோலம் நான்தான் போடுவேன், அந்த வருஷம் அம்மா போட்டாங்க. நான் படியில உக்காந்து பாத்துட்டே இருப்பேன். அம்மாவுக்கு அறுபது தாண்டியாச்சு, புள்ளி வெச்சு இழுத்து கலர் போட்டு முடிக்க முக்கா மணி நேரம் ஆகும், அவ்ளோ நேரமும் குனிஞ்சேதான் இருக்காங்க. உத்துப் பாத்தப்பதான் புரிஞ்சது, அவங்க முதுகை வளைக்கல, இடுப்புல மடியிறாங்க. முட்டி லேசா தளந்திருக்கு, பின்பக்கம் பின்னாடி போயிருக்கு, முதுகு பலகை மாதிரி இருக்கு. அப்புறம் ஃபிசியோ கிட்ட போனப்போ அவங்க ஒரு குச்சிய முதுகுல வெச்சு சொல்லிக் குடுத்ததும் அதேதான்.

அதுக்கப்புறம் வேற ஜிம், வெறும் குச்சியில இருந்து ஆரம்பிச்சு 14 மாசத்துல 62 கிலோ உடம்போட 100 கிலோ தூக்கினேன். அந்த 14 மாசத்துல நான் உயிரக் குடுத்து தூக்குன நாள் ரொம்ப கம்மி. இன்னும் ரெண்டு ரெப் வரும்னு இருக்கும்போதே ராடை கீழ வெச்சிட்டு வீட்டுக்கு வந்த நாளுங்கதான் எனக்கு பலத்தை குடுத்துச்சு, இந்த கட்டுரையில எல்லாமே அதைச் சுத்திதான் இருக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஹை பிபி, ஹெர்னியா, ஏற்கனவே டிஸ்க் பிரச்சனை, ஹார்ட் பிரச்சனை இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க டாக்டர் கிட்ட கேட்டுட்டுதான் ராடை தொடணும். கனமா தூக்கும்போது மூச்சை அடக்குறதுனால அந்த நேரம் பிபி நல்லா ஏறும், அதனால சொல்றேன்.

முதல்ல குனியக் கத்துக்கோங்க

முதல் ரெண்டு வாரம் தரையில இருந்து எதையும் இழுக்க வேணாம். வீட்டுல இருக்குற ஒட்டடைக் குச்சியோ மாப் கட்டையோ எடுங்க. முதுகுக்குப் பின்னாடி நெடுக்க வெச்சு ஒரு கையால கழுத்துக்கிட்டயும் இன்னொரு கையால இடுப்புக்கிட்டயும் பிடிச்சுக்கோங்க. குச்சி மூணு இடத்துல படணும்: பின்தலை, ரெண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவுல, வால் எலும்பு. இப்போ முட்டிய லேசா தளத்திட்டு பின்பக்கத்தை பின்னாடி தள்ளிக்கிட்டே குனியுங்க. மூணு இடத்துல ஏதாவது ஒண்ணு குச்சிய விட்டுச்சுன்னா அங்க நிறுத்துங்க, இன்னைக்கு உங்க ஆழம் அவ்ளோதான்.

குச்சி புரியலன்னா செவுரு. செவுத்துக்கு முதுகை காட்டி ஒரு அடி தள்ளி நின்னு பின்பக்கத்தால செவுத்தை தொடுங்க, ரெண்டு கையிலயும் பை வெச்சிருக்கும்போது வீட்டு கதவை பின்னாடி தள்ளி மூடுவோம்ல அந்த மாதிரி. தொட வந்துச்சுன்னா இன்னும் ரெண்டு இன்ச் தள்ளி நில்லுங்க. தொடையோட பின்பக்கம் இழுக்கணும். அங்க இழுக்காம முட்டி முன்னாடி போச்சுன்னா நீங்க பண்றது பஸ்கி, இது அது இல்ல.

தினமும் 10 தடவ, மூணு செட் (நிறுத்தாம பண்ற 10 தடவை ஒரு செட்). இது சரியா வந்தவங்க ஜிம்ல வெறும் ராடையோ ரெண்டு டம்பிள்ஸையோ கையில வெச்சு இதையே பண்ணலாம், மேல இருந்து முட்டிக்கு கீழ வரைக்கும் இறக்கி ஏத்துறது, அதுக்கு பேர்தான் ரொமேனியன் டெட்லிஃப்ட். 8ல இருந்து 10 ரெப், மூணு செட், நாள் விட்டு நாள். போரா இருக்கும், தெரியும். ஆனா இந்த ரெண்டு வாரத்தை தாண்டிப் போனவங்க எல்லாம் அப்புறம் மூணு மாசம் கழிச்சு திரும்ப இங்கதான் வந்து நிக்கிறாங்க, எங்க ஜிம்ல நானே பாத்திருக்கேன்.

ராடு, பிளேட்டு, உயரம்

நம்ம ஊரு ஜிம்முக்குன்னே உள்ள பிரச்சனை இது, யாரும் சரியா சொல்லித்தர மாட்டேங்குறாங்க. போட்டியில பயன்படுத்துற பெரிய பிளேட்டு 45 செ.மீ அகலம், அதை மாட்டினா ராடோட நடு தரையில இருந்து 22.5 செ.மீ உயரத்துல நிக்கும். வீடியோல நீங்க பாக்குற டெக்னிக் எல்லாம் அந்த உயரத்துக்குதான். நம்ம ஏரியா ஜிம்ல இருக்குற இரும்பு பிளேட்டு ரொம்ப சின்னது, 10 கிலோ பிளேட்டை மாட்டினா ராடு கணுக்காலுக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும். அவ்ளோ கீழ இருந்து புதுசா வந்த யாரா இருந்தாலும் முதுகு வளைஞ்சுதான் எடுக்க முடியும். எனக்கு அன்னைக்கு முதுகு புடிச்சதுல பாதி காரணம் இதுதான்னு இப்போ நினைக்கிறேன்.

அதனால ஒரு ஸ்கேல் எடுத்துட்டு போய் அளந்து பாருங்க. குறைவா இருந்தா ரெண்டு பக்கமும் கீழ பிளேட்டை படுக்க வெச்சு அடுக்கி, இல்ல தடிமனான ரப்பர் மேட்டை மடிச்சுப் போட்டு, அதுமேல ராடை ஏத்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே உயரமான்னு மட்டும் பாத்துக்கோங்க, உருளாம இருக்க மேட்டு ஓரமா ஒரு சின்ன பிளேட்டை முட்டு குடுங்க. யாராவது "என்னம்மா கட்டிடம் கட்டுறீங்களா"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும்.

அடுத்தது ராடோட எடை. ஒலிம்பிக் ராடு 20 கிலோ, பெண்களுக்கான வெயிட்லிஃப்டிங் ராடு 15 கிலோ, அது கொஞ்சம் மெலிசா வேற இருக்கும், சின்ன கைக்கு பிடிக்க ஈஸி. ஆனா மொட்டை மாடியில ஷீட் போட்டு நடத்துற ஜிம்ல இருக்குற ராடு எத்தனை கிலோன்னு பெரும்பாலும் மாஸ்டருக்கே தெரியாது, 8 கிலோவும் இருக்கும் 18 கிலோவும் இருக்கும். வீட்டுல வெயிட் மெஷின் இருந்தா கொண்டு போய் ராடோட ஒரு தடவ, ராடு இல்லாம ஒரு தடவ ஏறி நின்னு கழிச்சுப் பாருங்க. பழைய பேப்பர் கடைக்காரர் வெச்சிருக்குற கொக்கி தராசு கிடைச்சா இன்னும் நல்லது. ஒரு தடவ பாத்து நோட்டுல எழுதிட்டா போதும். எப்பவும் அதே ராடையே எடுங்க.

ஷூ பத்தி: ஓடுறதுக்கு போடுற மெத்து மெத்துன்னு இருக்குற ஷூ வேணாம், வெயிட் ஏற ஏற அது உள்ள அமுங்கி கால் ஆடும். ஸ்கூல்ல பிடி பீரியடுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டோமே, அதான் பெஸ்ட். ஜிம்ல விட்டா வெறும் காலே போதும்.

சின்ன பிளேட்டு ரொம்ப முக்கியம். 1.25 கிலோ பிளேட்டு ஒரு ஜோடி உங்களுதா வாங்கி பையில போட்டுக்கோங்க. நிறைய ஜிம்ல 2.5 கிலோதான் குறைஞ்சது, ரெண்டு பக்கமும் மாட்டினா 5 கிலோ ஏறிடும், ஒரு கட்டத்துக்கு மேல அது பெரிய தாவல். பெரியமேட்டுல நேரு ஸ்டேடியம் பக்கம் ஸ்போர்ட்ஸ் கடைங்க வரிசையா இருக்கு, அங்க போனா பிளேட்டு, சாக் (கை வழுக்காம தடவுற தூள்), இடுப்புல கட்டுற பெல்ட் எல்லாத்தையும் கையில எடுத்துப் பாத்து வாங்கலாம்.

நிக்கிறதுல இருந்து திரும்ப வைக்கிற வரைக்கும்

இத மெதுவா படிங்க, முடிஞ்சா ஃபோனை ஜிம்முக்கு எடுத்துட்டுப் போய் ராடு முன்னாடி நின்னு படிங்க.

ராடுக்கிட்ட போய் நில்லுங்க, இடுப்பு அகலத்துக்கு கால், விரல் லேசா வெளிய பாக்கலாம். மேல இருந்து பாத்தா ராடு உங்க பாதத்தோட நட்ட நடுவுல மேல இருக்கணும். ஷூவோட தெரியுற பாகம் மட்டும் இல்ல, குதிகால்ல இருந்து கணக்கு. அப்போ முழங்காலுக்குக் கீழ எலும்புக்கும் ராடுக்கும் நடுவுல ஒரு இன்ச் மாதிரி இடைவெளி இருக்கும். நிறைய பேர் ராடை ரொம்ப முன்னாடி வெச்சிட்டு நிப்பாங்க, தப்பு அங்கயே ஆரம்பிச்சிடும்.

இப்போ ராடை நகத்தாம இடுப்புல மடிஞ்சு குனிஞ்சு பிடிங்க. கை காலுக்கு ஒட்டி வெளிப்பக்கம், ரொம்ப அகலமா வேணாம். பிடிச்சப்புறம் முட்டிய முன்னாடி கொண்டு வந்து கால் எலும்பு ராடை தொடுற வரைக்கும் மடக்குங்க. தொட்டதும் நிறுத்துங்க. இடுப்பை இதுக்கு மேல கீழ இறக்காதீங்க, எல்லாரும் இங்கதான் உக்கார பாப்பாங்க. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014லயும் 2018லயும் காமன்வெல்த்ல தங்கம் வாங்கினாரு, அவரோட வீடியோ பாத்துட்டு இடுப்பு அவ்ளோ கீழ போகணும்னு ஒரு தம்பி என்கிட்ட வாதம் பண்ணான். அவர் பண்றது வெயிட்லிஃப்டிங், ராடை தோளுக்கும் தலைக்கு மேலயும் கொண்டு போகணும், அதுக்கு ஆரம்ப பொசிஷன் வேற. டெட்லிஃப்டுக்கு இடுப்பு முட்டிய விட மேல, தோளை விட கீழ.

அடுத்து நெஞ்சை முன்னாடி காட்டுங்க, முதுகு தானா நேராகும். தாத்தாங்க குடைய கக்கத்துல இடுக்கிட்டு நடப்பாங்க பாருங்க, அந்த மாதிரி ரெண்டு கக்கத்துலயும் குடை இருக்குறதா நினைச்சு இறுக்குங்க. அது ராடை உங்க உடம்போட ஒட்ட வைக்கும். ராடு உடம்புல இருந்து ரெண்டு இன்ச் முன்னாடி போனாலே இடுப்புக்கு பாரம் எக்கச்சக்கமா ஏறும், அதுக்குதான் இது.

மூச்சு. வயித்துக்குள்ள மூச்சை இழுத்து அடக்கி சுத்தியும் டைட் பண்ணுங்க. எப்படி டைட்னா, 29சி பஸ்ல கம்பி கிடைக்காம நின்னுட்டு வரும்போது டிரைவர் பிரேக் போடப் போறார்னு தெரிஞ்சதும் வயிறு தானா கல்லாகும்ல, அதேதான். வயித்தை உள்ள இழுக்கக் கூடாது, வெளிய தள்ளுற மாதிரி டைட்.

இழுக்குறதுக்கு முன்னாடி ராடுல இருக்குற லூஸை எடுங்க, அதாவது கை நேரா ஆகி, ராடு பிளேட்டுல போய் டக்குன்னு உக்காரும் பாருங்க ஒரு சத்தம், அது கேக்குற வரைக்கும் லேசா இழுத்து வெச்சுக்கிட்டு அதுக்கப்புறம் காலால தரைய கீழ மிதிங்க. பிடுங்காதீங்க. கையை மடக்கவே கூடாது, கை ரெண்டும் கயிறு மாதிரிதான், தூக்குறது காலும் இடுப்பும். ராடு காலை ஒட்டி உரசிக்கிட்டே வரணும், முட்டிய தாண்டினதும் இடுப்பை முன்னாடி கொண்டு வந்து நிமிந்து நில்லுங்க. நிமிந்தா போதும், பின்னாடி சாயாதீங்க, நிறைய பேர் வில்லு மாதிரி பின்னாடி வளையுறாங்க, அதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, முதுகுக்குதான் கேடு.

இறக்கும்போது முதல்ல இடுப்பு பின்னாடி போகணும், ராடு முட்டிய தாண்டினப்புறம்தான் முட்டி மடங்கணும். முட்டிய முதல்ல மடக்குனா ராடு முட்டியில இடிக்கும். நம்ம ஜிம் எல்லாம் முக்கால்வாசி முதல் மாடியில, கீழ கடையோ வீடோ இருக்கும், அதனால தடார்னு போட முடியாது, கண்ட்ரோலா வைக்கிறது அதுக்கும் நல்லது உங்க பலத்துக்கும் நல்லது. வெச்சதும் ஒரு செகண்ட் நிறுத்தி, திரும்ப மூச்சு எடுத்து, அடுத்த ரெப். பந்து மாதிரி தரையில குதிக்க வெச்சு எடுக்குறது ரெப்பே இல்ல.

ஃபோனை தண்ணி பாட்டில்ல சாய்ச்சு இடுப்பு உயரத்துல சைடுல இருந்து ஒவ்வொரு நாளும் ஒரு செட்டாவது வீடியோ எடுங்க. ரெண்டே விஷயம் பாருங்க: ராடு நேர்கோட்டுல மேல போகுதா, ராடு கிளம்புறதுக்கு முன்னாடி இடுப்பு மட்டும் தனியா மேல எழும்புதா. இடுப்பு தனியா எழும்புனா ஒண்ணு நீங்க ரொம்ப கீழ உக்காந்திருந்தீங்க, இல்ல வெயிட் ஜாஸ்தி.

உங்க பொசிஷன் பக்கத்துல இருக்குறவங்க மாதிரி இருக்கணும்னு அவசியமே இல்ல. கை நீளமா இருந்தா நிமிந்த மாதிரி நிப்பீங்க, தொடை நீளமா இருந்தா நல்லா குனிஞ்சிருப்பீங்க. அமெரிக்காவுல லாமார் கேன்ட்னு ஒருத்தர், முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்ச ஸ்கோலியோசிஸ் அவருக்கு, 60 கிலோ பிரிவுல 1985ல 300 கிலோ தூக்கினார், தன் உடம்பு எடைய போல அஞ்சு மடங்கு. அவரோட உடம்பு வாகுக்கு கை ரொம்ப கீழ வரைக்கும் வரும். அவர் நிக்கிற மாதிரி நீங்களும் நானும் நின்னா சரியா வராது. இடுப்பு ரொம்ப கஷ்டப்படுத்துச்சுன்னா காலை அகலமா வெச்சு பண்ற சூமோ ஸ்டைலையும் ட்ரை பண்ணிப் பாருங்க, போட்டியிலயும் அதுக்கு அனுமதி உண்டு.

எவ்ளோ வெயிட், எத்தனை நாள்

வாரத்துக்கு ரெண்டு நாள் போதும், திங்கள் வியாழன் மாதிரி நடுவுல கேப் விட்டு. ஒவ்வொரு நாளும் 5 ரெப், 3 செட். செட்டுக்கு நடுவுல 3 நிமிஷம் உக்காருங்க, வெயிட் ஏறினப்புறம் 5 நிமிஷம் கூட ஓகே. பக்கத்துல இருக்குறவங்க அவசரப்படுத்தினா அவங்களையும் சேத்துக்கோங்க, மாத்தி மாத்தி பண்ணலாம்.

ஆம்பளைங்க பெரும்பாலும் 40 கிலோவுல ஆரம்பிக்கலாம், பொம்பளைங்க 25, 30. முதல் நாள் ரொம்ப ஈஸியா இருக்குன்னு தோணணும், தோணலன்னா குறைங்க. ஒவ்வொரு தடவையும் 5 கிலோ ஏத்துங்க. 40ல ஆரம்பிச்சா நாலு வாரத்துல, எட்டாவது நாள் 75ல நிப்பீங்க. அதுக்குள்ள எங்கயாவது கடைசி ரெப் மெதுவாகி மூச்சு முட்ட ஆரம்பிக்கும், அங்க இருந்து 2.5 கிலோ கணக்கு, உங்க பையில இருக்குற அந்த 1.25 ஜோடி இப்போதான் வேலைக்கு வருது. 75ல இருந்து இன்னும் நாலு வாரம் இப்படி போனா 95. எல்லாருக்கும் இவ்ளோ நேரா போகாது, எனக்கு 30ல ஆரம்பிச்சு 5 கிலோ கணக்கு 50லயே நின்னுச்சு, அதுக்கப்புறம் எல்லாமே 2.5தான்.

வார்ம்அப் இல்லாம நேரா போய் தூக்காதீங்க. இன்னைக்கு 80 பண்ணணும்னா வெறும் ராடு 8 ரெப், 40 கிலோ 5, 60 கிலோ 3, 70 கிலோ 1, அப்புறம் 80. வார்ம்அப்ல களைச்சுப் போகக் கூடாது, அதான் ரெப் குறைஞ்சுக்கிட்டே வருது. பிளேட்டு மாத்தும்போது ஒரு ட்ரிக்: உள்ள இருக்குற பிளேட்டை ஒரு 1.25 பிளேட்டு மேல உருட்டி ஏத்திட்டா ராடு தரைய விட்டு லேசா தூக்கி நிக்கும், அடுத்த பிளேட்டு ஈஸியா உள்ள போகும்.

எல்லா செட்டும் முடிச்சப்புறம் உங்ககிட்ட ரெண்டு ரெப் மிச்சம் இருக்கணும். நோட்டுல எழுதும்போது வெயிட்டு ரெப்போட "எத்தனை மிச்சம்"னும் எழுதுங்க. 2, 2, 1ன்னு இருந்தா நல்லா போகுது, 0ன்னு ரெண்டு நாள் தொடர்ந்து வந்தா அது சிக்னல். மேக்ஸ், அதாவது ஒரே ஒரு ரெப் தூக்க முடியுற அதிகபட்ச வெயிட், எவ்ளோன்னு பாக்குறது முதல் ஆறு மாசம் வேணவே வேணாம். தெரிஞ்சே ஆகணும்னா கணக்கு இருக்கு, தூக்குன ரெப்பை 30ஆல வகுத்து 1 கூட்டி வெயிட்டால பெருக்குங்க. 80 கிலோ 5 ரெப்னா 93 கிட்ட வரும். நோட்டுல ஒரு ஓரமா எழுதிட்டு விட்டுடுங்க.

கூட என்ன பண்ணணும்னா, ஒரு நாள் ஸ்குவாட், ரெண்டு நாளும் ஏதாவது ரோயிங் (வெயிட்டை உடம்பை நோக்கி இழுக்குறது), பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை பலகை மாதிரி நேரா நிறுத்துறது), அப்புறம் ரெண்டு கையிலயும் கனமான டம்பிள்ஸ் பிடிச்சுக்கிட்டு ஜிம்மை சுத்தி நடக்குறது. தண்டால் தெரிஞ்சா அதையும் விடாதீங்க.

ஏறாம நின்னுடுச்சுன்னா

நிக்கும், எல்லாருக்கும். ஒரே வெயிட்ல ரெண்டு தடவ 5 ரெப் வரலன்னா 10 சதவீதம் குறைச்சு திரும்ப ஏறி வாங்க, 95ல நின்னா 85ல இருந்து. பெரும்பாலும் இந்த தடவ தாண்டிடுவீங்க. அப்பவும் நின்னா திங்கள் கிழமைய கனமான நாளா வெச்சுக்கோங்க, 5 ரெப் ஒரே ஒரு செட் கனமா, அப்புறம் 10 சதவீதம் குறைச்சு ரெண்டு செட். வியாழன் லேசான நாள், 70 சதவீதம் வெயிட்ல பாஸ் டெட்லிஃப்ட்: ராடு தரைய விட்டு ரெண்டு இன்ச் வந்ததும் ரெண்டு செகண்ட் அப்படியே நிறுத்தி அப்புறம் மேல. எனக்கு 80ல மூணு மாசம் மாட்டிக்கிட்டு இருந்தப்போ இதுதான் வெளிய கொண்டு வந்துச்சு.

எங்க மாட்டுதுன்னு பாருங்க. தரையிலேயே கிளம்பலன்னா கால் பலம், ஸ்குவாட்டும் பாஸும். முட்டிக்கு மேல வந்து நிமிர முடியலன்னா பின்தொடையும் பின்பக்கமும், ரொமேனியன் டெட்லிஃப்ட், ஹிப் த்ரஸ்ட் (முதுகை பெஞ்சுல சாய்ச்சு இடுப்பால வெயிட்டை மேல தள்ளுறது). முதுகு நிக்குது கை விட்டுடுதுன்னா அதுதான் சென்னைக்காரங்க பிரச்சனை, அதுக்கு தனியா சொல்றேன்.

சாதாரண சதை வலி ரெண்டு மூணு நாள்ல போயிடும். வலி பின்பக்கம் வழியா கால்ல இறங்குது, மரத்துப் போகுது, கால்ல பலம் இல்லன்னா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஒண்ணுக்கு, மலம் கண்ட்ரோல் போற மாதிரி இருந்தா லேட் பண்ணாம எமர்ஜென்சிக்கே போங்க. குழந்தை பெத்த பொம்பளைங்க சிலருக்கு கனமா தூக்கும்போது லேசா சிறுநீர் கசியும், வெக்கப்பட்டு வெளிய சொல்லாம ஜிம்மையே விட்டுடுறாங்க, இதுக்குன்னே ஃபிசியோ இருக்காங்க, சரி பண்ணக் கூடியது, தயவு செஞ்சு போய்க் கேளுங்க.

கை வழுக்குது

நம்ம ஊரு புழுக்கத்துல ராடை பிடிச்ச ரெண்டாவது நிமிஷமே கை நனைஞ்சிடும். ராடு வழுக்க ஆரம்பிச்சா மூளை முழுக்க கையிலேயே இருக்கும், முதுகை மறந்துடுவோம். ஒரு துண்டு எப்பவும் வெச்சு கையையும் ராடையும் தொடைங்க. சாக், அதாவது மெக்னீசியம் கார்பனேட் தூள், ரொம்ப உதவும், நிறைய ஜிம்ல தரை அழுக்காகுதுன்னு விட மாட்டாங்க, அங்க லிக்விட் சாக் கேட்டுப் பாருங்க, கையில தடவினா காஞ்சிடும், தூள் பறக்காது. டால்கம் பவுடர் போடாதீங்க, அது இன்னும் வழுக்கும்.

ரெண்டு உள்ளங்கையும் உங்களைப் பாத்த மாதிரி பிடிக்கிறதுலயே எவ்ளோ தூரம் போக முடியுமோ போங்க, பிடி தானா வளரும். அது போதாதப்போ ஒரு கைய திருப்பி பிடிக்கிற மிக்ஸட் கிரிப், கடைசி செட்டுக்கு மட்டும். திருப்பின கைய மடக்கி இழுத்தா பைசெப்ஸ் கிழிய வாய்ப்பு இருக்கு, அதனால கை நேரா இருக்கணும். ஸ்ட்ராப், அதாவது மணிக்கட்டுல மாட்டி ராடுல சுத்திக் கட்டுற பட்டை, அதைப் பத்தி கேப்பாங்க. 2016ல எடி ஹால் 500 கிலோ தூக்கினதும் 2020ல ஹாஃப்தோர் பியார்ன்சன் 501 கிலோ தூக்கினதும் ஸ்ட்ராப் கட்டிதான், அது ஸ்ட்ராங்மேன்னு ஒரு தனி பலப் போட்டியோட ரூல்ஸ். பவர்லிஃப்டிங்ல ஸ்ட்ராப்புக்கு அனுமதி இல்ல. ரொமேனியனுக்கு கட்டிக்கோங்க, மெயின் செட்டுக்கு முதல் வருஷம் வேணாம். பெல்ட்டும் அப்படித்தான், வயித்தை டைட் பண்ணத் தெரிஞ்சப்புறம் போட்டாதான் அது உதவும்.

சாப்பாடு, தூக்கம், வெயில்

உடம்பு எடைக்கு கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன் போதும். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். நாலு முட்டை 24, அரை லிட்டர் பால் 16, 200 கிராம் சிக்கன் 44 கிட்ட, ஒரு கிண்ணம் சுண்டல் 10, தயிரும் பருப்பும் ஒரு 10, மிச்சம் இட்லி சோறுல இருந்தே வந்துடும். சைவமா இருந்தா மீல் மேக்கர் 50 கிராமுல 26 கிராம் இருக்கு, பன்னீர் 100 கிராமுல 18. பவுடர் வாங்கித்தான் ஆகணும்னு கிடையாது, காசு இருந்தா வசதிக்கு வாங்குங்க. சோத்தை மட்டும் நிறுத்தாதீங்க, வெறும் வயித்துல டெட்லிஃப்ட் ஏறாது. தூக்கம் 7 மணி நேரத்துக்கு குறைஞ்சா எனக்கு அடுத்த நாள் நோட்டுலயே தெரியும்.

கத்திரி வெயில்ல மொட்டை மாடி ஜிம்ல சாயங்காலம் போனா அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். காலையில 6 மணிக்கு போங்க, முடியலன்னா அந்த மாசம் வெயிட் ஏத்தாம அப்படியே வெச்சுக்கோங்க. உப்பு போட்ட மோர் ஒரு பாட்டில் கையில இருக்கட்டும், தலை சுத்தினா செட்டை விட்டுட்டு உக்காருங்க.

ஆறு மாசம் ஆச்சு, எவ்ளோ தூக்குவோம்னு பாக்கணும்னா

ஒரு வாரம் முன்னாடியே வெயிட்டை குறைச்சு ரெஸ்ட் குடுங்க. உங்க நோட்டுல 85 கிலோ 5 ரெப்னு இருந்தா கணக்குப்படி 99 வரும். போட்டியில மூணு ட்ரைதான் குடுப்பாங்க, நீங்களும் மூணுதான். முதல் ட்ரை 90, இது கண்டிப்பா வரணும். ரெண்டாவது 95. அது எப்படி போச்சுன்னு வீடியோவ பாத்துட்டு மூணாவத முடிவு பண்ணுங்க, ஸ்பீடா போயிருந்தா 100 இல்ல 102.5, முக்கி முக்கி வந்திருந்தா 97.5. முதுகு வளைஞ்சா அங்கயே வெச்சிடுங்க. கூட ஒருத்தர் நிக்கட்டும், ஆனா கத்த வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. முடிஞ்சதும் நோட்டுல தேதியோட எழுதிட்டு, அடுத்த திங்கள் கிழமை 75 கிலோ, 5 ரெப், 3 செட்.